ரட்சகர்த்தாவின் பெயர்

கர்க்கடகம் என்கிற ஆடி மாசத்து மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், பிரார்த்தனைப் பாட்டின் நடுவே எலிசாள் விழுந்தாள். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்றாம் பாரத்து வகுப்பு வரிசை இரண்டாகப் பிளந்துகொண்டது. நடுவில் அவள் கிடந்தாள்.

முதலில் ஓடியது சூடாமணி. அவள் ஸ்கூல் லீடர். ஆறாம் பாரம் படிக்கிறவள், பதினாறு வயது, நெடுநெடுவென்று வளர்ந்த பெண். அந்த உயரத்துக்காகவும், மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்கிற குரலுக்காகவும்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தோளில் குறுக்காக ஒரு நீலப்பட்டை. வரிசை நிறுத்துவது, மணி அடிப்பது, பேசுகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பது என்று லீடருக்கு இருந்த வேலைகளை அவள் குறையில்லாமல் செய்துவந்தாள். வேறு வேலை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

எலிசாளைத் தூக்கியபோது சூடாமணிக்குத் திக்கென்றது. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய் வராந்தா பெஞ்சில் கிடத்தினாள். ஆறாம் பாரத்து ஓமனா வெல்லம் கரைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகு எலிசாள் கண்ணைத் திறந்தாள்.

"காலம்பற என்ன தின்ன பிள்ளே?" என்றாள் சூடாமணி.

"ஒண்ணும் இல்லக்கா."

"நேத்தைக்கு?"

"மரச்சீனிக் கிழங்குதான் அவிச்சா அம்மை. தம்பிமாருக்கே காணாது. எனக்கு நாளைக்குத் தாறேன்னு சொன்னா."

அன்று அந்த 'நாளைக்கு' வந்திருந்தது. எலிசாள் அதைக் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, "வகுப்புக்குப் போகட்டா?" என்று கேட்டாள்.

அது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. ஜப்பான் சண்டை வந்து பர்மா அரிசி நின்று போய் வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் பணம் வைத்திருந்தவர்களுக்கே அரிசி கிடைக்கவில்லை. டிப்போ வாசலில் ரேஷன் கார்டோடு விடியுமுன் போய் நின்றால், பத்து மணிக்குக் கல்லும் புழுவும் கலந்த அரிசி ஒரு பிடி கிடைக்கும். சில நாள் அதுவும் கிடையாது. அகஸ்தியர் மலைப் பக்கத்திலிருந்து மழை இறங்கிக்கொண்டே இருந்தது. கிள்ளியாறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. மழையில் கூலிவேலையும் கிடையாது.

அன்று மத்தியானம் சூடாமணி வகுப்பு வகுப்பாகப் போய், "இன்னைக்குச் சாப்பிடாம வந்தவங்க கை தூக்குங்க" என்றாள். தமிழ்ப் பிரிவிலும் மலையாளப் பிரிவிலுமாக நானூறு பெண்கள். ஒரு கைகூட உயரவில்லை. ஐந்தாம் பாரத்தில் யாரோ சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் படியில் நின்று கவனித்தாள். பாதிப் பேர் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் கிணற்றடிக்குப் போனார்கள். தண்ணீர் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், ஒருத்திக்கொருத்தி தலை பின்னிவிட்டார்கள், மறுபடியும் தண்ணீர் குடித்தார்கள். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த காட்சிதான். அது விளையாட்டு என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயலக்ஷ்மி அம்மாள் வலியசாலைக்காரி. அந்தத் தெருவிலிருந்து பி.ஏ. பாஸ் பண்ணிய முதல் பெண். கண்டிப்பானவள். சூடாமணி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நீ லீடர்னா லைன் நிக்க வெக்கணும். ஊர்ப் பசிக்கெல்லாம் நான் எங்கேடி போறது?"

"மத்தியானம் ஒரு நேரம் கஞ்சி வைக்கலாம் டீச்சர். பின்னால ஷெட் சும்மாதானே கிடக்கு?"

"அரிசி? உங்கப்பா குடுப்பாரா?"

ஜெயலக்ஷ்மி அம்மாள் இழுப்பறையைத் துழாவி ஒரு தாளை எடுத்துப் போட்டாள்.

"சப்ளை ஆபீஸ்லேர்ந்து வந்தது. பள்ளிக்கூடத்துல கஞ்சி ஊத்தறதா இருந்தா அரிசிக்குப் பெர்மிட் தருவாளாம். லிஸ்ட் குடுக்கணும். குட்டியோட பேர், ரட்சகர்த்தாவோட பேர், விலாசம். ரட்சகர்த்தாவோட பேர் இல்லாம குடுக்க மாட்டா. எனக்குத் தெரியும், ஒருத்தியும் எழுதமாட்டா. எழுதினா கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்."

ரட்சகர்த்தா என்றால் அப்பா. அப்பா இல்லாதவர்களுக்கும், சில மலையாளக் குடும்பங்களிலும், அம்மாவன் என்கிற தாய்மாமன். வீட்டில் அரிசி இல்லை என்று அவர் பெயரைப் போட்டு சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அம்மாள் சொன்னபடியே ஆயிற்று. மூன்று நாள் அந்தத் தாள் வகுப்பு வகுப்பாகச் சுற்றி, சுத்தமாகத் திரும்பி வந்தது. ஓரங்கள் மட்டும் கசங்கியிருந்தன.

"ஆரும் எழுதத்தில்லல்லோ சூடாமணீ" என்றாள் ஓமனா. "நாணக்கேடாணு. கஞ்சிக்காரின்னு பேரு விழும். அம்மாவன் கேட்டா கொன்னு களையும்."

எலிசாளைத் தனியே கூப்பிட்டுச் சூடாமணி கேட்டாள். அவள் தாளைத் தொடக்கூட இல்லை. "எங்கப்பா ஏசுவாவ அக்கா. பட்டினி கிடந்தாலும் பிச்சை எடுக்கப்பிடாதும்பாவ."

"இது பிச்சை இல்ல பிள்ளே."

"அப்ப நீங்க எழுதுவியளா?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சூடாமணிக்குக் கோபம் வந்தது. தன் வீட்டுக்கும் இந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

வீடு சாலை என்கிற பெரிய கடைத்தெருவின் பின்சந்தில். அப்பா திரவியம் பிள்ளைக்குப் பூதப்பாண்டிப் பக்கம். சாலையில் ஒரு பெரிய அரிசி மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக அரிசி பார்க்கிற வேலை. மூட்டையில் கொக்கியைக் குத்தி இழுத்து, உள்ளங்கையில் விழுகிற பத்து மணியைப் பார்த்து, ஒன்றைப் பல்லில் கடித்து, கட்டிச்சம்பாவா, கலப்பா, போன பூ விளைச்சலா, அதற்கு முந்தின பூவா, அவித்தபோது வேக்காடு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுவார். அவர் தலையசைத்தால்தான் மொதலாளி மூட்டையை இறக்குவார். வெளுத்த வேட்டியும் தோளில் நேரியலுமாக அவர் மண்டிக்குள் நுழைந்தால் சுமைக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நெல்லும் அரிசியும் சர்க்கார் கைக்குப் போனபிறகு பார்த்து வாங்க என்ன இருக்கிறது? வந்ததை வாங்க வேண்டும். ஆனி மாசக் கடைசியில் மண்டியை அடைத்துவிட்டு மொதலாளி கோட்டாற்றுக்குப் போய்விட்டார்.

அன்று சூடாமணி வரும்போது வாசலில் தாசையன் நின்றுகொண்டிருந்தார். எலிசாளின் அப்பா. மண்டியில் மூட்டை சுமந்தவர். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயா, புத்தன்சந்தை டிப்போவுல அளக்கதுக்கு ஆளு தேடுதாவ. முந்தியிருந்தவன் கள்ளப்படி அளந்து மாட்டிக்கிட்டான். கை சுத்தமான ஆளு வேணுமாம். உங்க பேரைச் சொன்னேன். உடனே வரச் சொன்னாவ."

திரவியம் பிள்ளை நிமிர்ந்தார். "என்னை அளக்கக் கூப்பிட்டானா?"

"ஆமாய்யா."

"நான் அரிசி பாக்கப்பட்டவன் தாசையா. ஊருபூரா வரிசையில நிக்க, நான் நடுவுல நின்னு புழுத்த அரிசியைப் படியில மொண்டு ஊத்தணுமா? சாலைக்காரன் ஒவ்வொருத்தனும் பாத்துக்கிட்டுப் போவானில்லா?"

"எனக்கு அளக்கத் தெரிஞ்சா நான் போயிருவேன்யா."

"நீ போவ."

தாசையன் கும்பிட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அம்மா நீலாம்பாள் விளக்கு வைத்ததும் சாப்பிட வட்டில் எடுத்து வைத்தாள். மரச்சீனி அவித்து மசித்து, இரண்டு காந்தாரி மிளகாய் அரைத்த துவையல். அப்பாவுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் மட்டும் கஞ்சியில் கொஞ்சம் சோறு. எட்டுமாதக் குழந்தை அம்மாவின் மடியில் சப்பிப் பார்த்து, ஒன்றும் வராமல் வீறிட்டது. சூடாமணி இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதை எடுக்கும்போது, பெஞ்சில் கிடந்த எலிசாளிடம் கேட்ட கேள்வி தானாகவே வாயில் வந்தது.

"அம்மா, நீ என்ன தின்ன?"

"நான் அப்பமே தின்னாச்சு."

"எப்ப?"

"தின்னாச்சுண்ணு சொல்லுகேன் இல்லா? நீ தின்னுட்டு எந்திரி."

சூடாமணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கிழங்கு அவித்த சருவம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கஞ்சிப் பானையின் அடியில் வெறும் தண்ணீர். கழுவுகிற இடத்தில் அப்பாவும் தம்பியும் தின்ற இரண்டு வட்டில், மூன்றாவது இல்லை. திரும்பிப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, குழந்தையின் வாயில் சுண்டுவிரலை வைத்துச் சப்பக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றைச் சுற்றி ஒரு துவர்த்துத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். எத்தனை நாளாக அப்படிக் கட்டியிருக்கிறாள் என்று சூடாமணிக்கு நினைவு இல்லை. கேட்டிருந்தால்தானே நினைவு இருக்கும்.

தன் பங்கில் மீதியிருந்ததைக் கொண்டுபோய் அம்மா வாயருகே நீட்டினாள். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். "லீடரில்லா நீ. பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"நீ இங்க விழுந்தா நல்லாருக்குமா?"

நீலாம்பாள் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பிறகு வாங்கித் தின்றாள்.

மறுநாள் பிரார்த்தனை முடிந்ததும் சூடாமணி வரிசையைக் கலையவிடவில்லை. மேடையில் ஏறி, அந்தத் தாளை ஹார்மோனியப் பெட்டியின்மேல் விரித்து வைத்தாள். ஜெயலக்ஷ்மி அம்மாள் புருவத்தை உயர்த்தினாள், தடுக்கவில்லை.

"மூணு நாளா இந்தக் கடலாசைத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்" என்றாள். குரல் முதலில் பிசிறியது, பிறகு நேரானது. "தப்பு என்மேலதான். எழுதவேண்டிய ஆளு நான் எழுதாம உங்களை எழுதச் சொன்னேன். எங்க வீட்டுல நேத்தைக்கு எல்லாருக்கும் காண அரிசி இல்ல. எங்கம்மா எத்தனையோ நாளா சாப்பிடலை. எங்கப்பாவுக்கு ஒரு மாசமா வேலை இல்ல. இன்னா எழுதுகேன்."

எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்தாள். "ஒண்ணு. சூடாமணி, ஆறாம் பாரம். ரட்சகர்த்தா, திரவியம் பிள்ளை, சாலை."

மூன்றாம் பாரத்து வரிசையிலிருந்து எலிசாள் நடந்து வந்தாள். அவளுக்கு அந்தப் பெட்டி எட்டவில்லை. எக்கி நின்று எழுதினாள். அதன்பிறகு ஓமனாவின் பின்னால் நின்ற இரண்டு பேர் வந்தார்கள். கைத்தறி நெசவுக்காரன் மகள் வந்தாள். மத்தியான மணி அடிப்பதற்குள் தொண்ணூற்றிரண்டு பெயர். மறுநாள் நூற்று அறுபத்து மூன்று. கடைசியாக வலியசாலை விஜயலக்ஷ்மி வந்தாள். கல்யாணச் சமையல்காரர் பட்டாபியின் மகள். கல்யாணச் சாப்பாட்டுக்கே சர்க்கார் கட்டுப்பாடு வந்தபிறகு அவருக்கு ஏது சமையல்? அவள் யாரும் பார்க்காத நேரமாக வந்து எழுதிவிட்டு ஓடிப்போனாள்.

தாளை எடுத்துக்கொண்டு சூடாமணியும் ஓமனாவும் சப்ளை ஆபீஸுக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் நின்றபிறகு சேஷன் என்கிற வயதான கிளார்க் கூப்பிட்டார். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதல் பெயரிலேயே விரலை வைத்தார்.

"திரவியம் பிள்ளையா? நம்ம சாலை மண்டியிலே அரிசி பாக்கறவரா? அரிசியைக் கையிலே எடுத்தா எந்த வயல்னு சொல்றவராச்சே! அவர் ஆத்துலேயா அரிசி இல்லே?"

"இல்ல சார்" என்றாள் சூடாமணி.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முத்திரையை எடுத்தார். தினம் பத்து இடங்கழி அளவு அரிசி, திங்கள் முதல் வெள்ளிவரை.

கஞ்சி வைப்பது எழுதுவதுபோல் எளிதாக இல்லை. கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து ஓர் அண்டாவைக் கேட்டு வாங்கி வந்தார்கள். அதை நகர்த்த ஆறு பேர் வேண்டும். விறகு நனைந்து கிடந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்து, புகை ஷெட்டைவிட்டு வெளியேறாமல் ஆறாம் பாரத்து ஜன்னல் வழியே கணக்கு டீச்சரை இருமவைத்தது. அரிசியில் கல் பொறுக்க எட்டுப் பேர், தேங்காய் துருவ நான்கு பேர், தண்ணீர் கோர ஆறு பேர் என்று சூடாமணி முறை வைத்தாள். பாடத்துக்கு மணி அடித்தால் ஒரு கூட்டம் கைகழுவிவிட்டு ஓடும். அடுத்த கூட்டம் வரும். எலிசாளுக்கு அடுப்பு பழக்கம். எந்த விறகை எங்கே செருகினால் தீ ஏறும் என்று அவள் சொல்ல, ஆறாம் பாரத்துப் பெண்கள் கேட்டார்கள். மூங்கில் துடுப்பால் விடாமல் கிண்டாவிட்டால் அடிபிடிக்கும். முதல்நாள் பிடித்தும்விட்டது. தீய்ந்த வாசனையோடு அதையே ஊற்றினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிலாவிலையை ஈர்க்குக் குத்திக் கரண்டியாக்கி, அரிசி எது தண்ணீர் எது என்று தெரியாத அந்தக் கஞ்சியை நூற்று அறுபத்து மூன்று பேரும் சத்தமில்லாமல் குடித்தார்கள். பந்தியின் கடைசியில் விஜயலக்ஷ்மி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நாலாவது நாள் பாதி திரும்பினாள். துவையல் போதாது என்று கேட்பதற்கு ஆறாவது நாள் முழுசாகத் திரும்பவேண்டி வந்தது.

சூடாமணி எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தாள். ஓமனா விடவில்லை. "ஒண்ணாம் பேரு நீயல்லே எழுதின? நீ முதல்ல இரி. நீ இருந்தாத்தான் மத்தவங்க இருக்கும்." அதனால் தினமும் முதல் பந்தியில் அவள் உட்கார்ந்தாள்.

ஏழாவது நாள் சேஷன் கடைத்தெருவில் திரவியம் பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஆறுதலாகத்தான் ஏதோ சொன்னாராம். பக்கத்தில் நாலு வியாபாரிகள் நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் சூடாமணி வீட்டுக்குள் கால்வைத்ததும் அப்பா எழுந்தார்.

"யாரைக் கேட்டு என் பேரை எழுதின?"

"ரட்சகர்த்தா பேரு எழுதணும்னு இருந்துப்பா. எனக்கு நீங்கதானே ரட்சகர்த்தா?"

"பட்டினின்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்தியா என் பேரை? சாலைக்கடையில இருபத்திரண்டு வருஷம் தலை நிமிந்து நடந்தவன் நான். இன்னைக்கு ஒருத்தன் என் தோளைத் தட்டிக் குடுக்கான். தட்டிக் குடுக்காம்ட்டி! யாரு யாரோ கிண்டின கஞ்சியை வரிசையில இருந்து நக்கிட்டு வாறியா?"

"எல்லாரும்தான் குடிக்கோம்."

"நாளைக்குப் போயி அந்தப் பேரை வெட்டிட்டு வா."

"வெட்டமாட்டேன்பா."

அவளே எதிர்பார்க்காத பதில். அப்பா கையை ஓங்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவள் புத்தகங்களை எடுத்து மரப்பெட்டிக்குள் போட்டு மூடினார். நீலப்பட்டையையும் அதற்குள் போட்டார். "இனி பள்ளிக்கூடம் வேண்டாம்."

இரண்டு நாள் சூடாமணி வீட்டில் இருந்தாள். தண்ணீர் எடுத்தாள், குழந்தையைத் தூக்கினாள், அம்மாவோடு சேர்ந்து கிழங்கு தோலுரித்தாள். பதினொரு மணி ஆனால் கைகள் நிலைகொள்ளாது. இப்போது உலை கொதித்திருக்கும், இப்போது உப்புப் போட்டிருப்பார்கள் என்று மனசு அங்கேயே நிற்கும். மூன்றாவது நாள் மத்தியானத்துக்குமேல் ஒரே ஓலைக்குடையில் ஓமனாவும் எலிசாளும் வந்தார்கள். அப்பா முன்னறையில் பாயில் படுத்திருந்தார். அவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"அக்கா, ரெண்டு நாளா கஞ்சி தீஞ்சு போச்சு" என்றாள் எலிசாள். "முறை போட்டவ ஒருத்தியும் வாறதில்ல. நீ வா நான் வான்னு சண்டை. ஓமனாக்காவைப் பிடிச்சுத் தள்ளிட்டாவ."

"ஹெட்மிஸ்ட்ரஸ் பறஞ்சாச்சு" என்றாள் ஓமனா. "வெள்ளியாழ்ச்சைக்குள்ள சரியாகலைன்னா அடுப்பை அணைச்சு அண்டாவைத் திருப்பிக் கொடுத்திரும். பெர்மிட்டையும்."

சூடாமணி அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ தாசையன் மகளில்லா?" என்று எலிசாளைக் கேட்டார்.

"ஆமாய்யா."

"உங்கப்பன் பேரும் அதுல உண்டா?"

"ரெண்டாவது பேருய்யா."

"அவன் ஒண்ணும் சொல்லலியா?"

"ஏசுவாவன்னு பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். ஏசலை. 'மொதல்லயே எழுதுறதுக்கு என்ன, உங்க அம்மைக்கு ஒருநேரக் கஞ்சியாவது மிஞ்சியிருக்குமே'ன்னு சொல்லிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாவ. அழுதாவளா என்னன்னு தெரியலை."

திரவியம் பிள்ளை மறுபடியும் படுத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை சூடாமணி தலைவாரிப் பின்னி, வாசலில் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"அப்பா, நான் போறேன். சொல்லாமப் போகக்கூடாதுன்னு சொல்லுகேன். பேரை நான் வெட்டமாட்டேன். வெட்டினா நூத்தி அறுபத்திரண்டு பேரும் வெட்டிருவாவ. நீங்க வந்து அடிச்சு இழுத்துட்டுப் போகணும்னா மத்தியானம் வாங்க. பந்தியில மொத ஆளா இருப்பேன்."

"போனா இந்தப் படி ஏறக்கூடாது."

அப்போதுதான் உள்ளேயிருந்து பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நீலாம்பாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் புத்தகக் கட்டு, மேலே மடித்த நீலப்பட்டை. மகளிடம் கொடுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவள் அவரை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்துப் பேசியது அன்றுதான்.

"நேத்தைக்கு நான் என்ன சாப்பிட்டேன்?"

அவர் மகளைப் பார்த்தார்.

"முந்தாநேத்து? உங்களுக்குத் தெரியாது. நீங்க கேட்டியளா? அவ கேட்டா. பிள்ளைக்குப் பாலு இல்லாம எத்தனை நாளாச்சுன்னு கேட்டியளா? மானத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. அது உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் உண்டு. அதை வயித்துல கட்டிக்கிட்டுத்தான் இத்தனை நாளும் இருந்தேன். இனி முடியாது கேட்டியளா. அவ இந்தப் படி ஏறுவா. ஏறாட்டா நானும் ஏறமாட்டேன்."

திரவியம் பிள்ளை தோளில் கிடந்த நேரியலை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொல்லைப்பக்கம் போய்விட்டார். சூடாமணி படியிறங்கி மழைக்குள் ஓடினாள்.

ஷெட்டில் அவள் முதலில் செய்தது அண்டாவைத் தேய்த்ததுதான். மூன்றுநாள் தீய்ச்சல் ஓட்டாஞ்சில்லாகக் கறுத்துக் கிடந்தது. தேங்காய்ச் சவரி நாரும் சாம்பலும் வைத்து, நகக்கண் வலிக்க வலிக்கத் தேய்த்தாள். சண்டை போட்டவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார்கள். அவள் யாரையும் ஏசவில்லை. அடுப்புக்கு எலிசாளைத் தலைவியாக வைத்தாள். மூன்றாம் பாரத்துக் குட்டியா என்று ஐந்தாம் பாரத்தில் முணுமுணுத்தார்கள். "தீ மூட்டத் தெரிஞ்சவ வாங்க, மாத்திருவோம்" என்றாள் சூடாமணி. யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜெயலக்ஷ்மி அம்மாள் குடையோடு வந்து பார்த்தாள். ஒரு கரண்டி வாங்கிக் குடித்தாள். உப்புப் போதாது என்றாள். அண்டாவைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசவில்லை.

வீட்டில் அப்பா பத்துநாள் அவளோடு பேசவில்லை. படியேறுவதைத் தடுக்கவும் இல்லை. பதினோராம் நாள் அவள் எழுந்தபோது அவருடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. "அப்பா எங்கம்மா?" என்றாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. துவைச்ச வேட்டியைக் கேட்டாரு" என்றாள் நீலாம்பாள்.

அன்று பெர்மிட் அரிசி வாங்குகிற முறை சூடாமணிக்கும் எலிசாளுக்கும். பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் கொடுக்கிற டிப்போவில் அரிசி வரவில்லை என்று புத்தன்சந்தைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வரிசை தெருமுனைவரை நின்றது. சாக்கும் குடையும் சேம்பிலையுமாகத் தலையை மூடிக்கொண்டு சனங்கள். இரண்டு பெண்களும் கடைசியில் போய் நின்றார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது. "புது ஆளு. இத்தனை நாளும் அளக்க ஆளில்லாமக் கிடந்துது. கைவேகம் பாத்தியா" என்று முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை சொன்னாள். "சிந்தாம அளக்காரு."

கூரைக்குள் வந்த பிறகுதான் சூடாமணி பார்த்தாள். அரிசிக் குவியலின் அருகே, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, நேரியலைத் தலைப்பாகையாகச் சுற்றி, அப்பா நின்றுகொண்டிருந்தார். முழங்கைவரை தவிடு. இடங்கழிப் படியை முக்கி எடுத்து, உள்ளங்கையால் ஒரே வழிப்பு; கொட்டுவார். அடுத்தது. சாலைக்காரர்கள் இரண்டு பேர் தெருவோரம் நின்று பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுடைய முறை வந்தது. அப்பா நிமிர்ந்தார். ஒரு நொடி கை நின்றது. சூடாமணி பெர்மிட்டை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார்.

"பத்து இடங்கழி" என்றார். "சாக்கைப் பிடிங்க."

எலிசாள் சாக்கின் வாயைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லி அளந்தார். மற்றவர்களுக்கு எப்படி வழித்தாரோ அப்படியே வழித்தார். பத்தாவதைக் கொட்டிவிட்டுச் சாக்கின் வாயைத் தானே முறுக்கிக் கட்டினார். "கல்லு கூடுதலா கிடக்கு. ரெண்டு தரம் அரிக்கணும்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து. பிறகு அவளைத் தாண்டி, "அடுத்த ஆளு வாங்க" என்றார்.

சாக்கை இரண்டு பேருமாகத் தூக்கி, நடுவில் தொங்கவிட்டு, தெருவில் இறங்கினார்கள். மழை கொஞ்சம் தணிந்திருந்தது. சந்தைமுனை திரும்பும்வரை எலிசாள் அடக்கிக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பா ஒரு பிடி கூடப் போட்டிருக்கலாம்லா அக்கா. யாரு கேக்கப் போறா?"

"போட்டிருந்தா நான் குவியல்ல திருப்பிக் கொட்டியிருப்பேன் பிள்ளே" என்றாள் சூடாமணி. சாக்கைக் கை மாற்றிப் பிடித்தாள். "வெரசா நட. மணி பத்தாகப்போகுது, உலை வைக்கணும்."